இருநூற்றுப் பதினான்கு தாய்மாமன்கள்

சின்னமனூர் வீரமாகாளி பாத்திர மாளிகையின் முதலாளி லோகித்துக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, தேனியில் இருக்கும் குபேரன் மெட்டல்ஸ். இரண்டு, ஒருவர் வீட்டுக்கு நேரில் போய், அவர்கள் கொடுக்கும் காப்பியை ஆற்றிக் குடித்து, "அவசியம் வந்துரணும்" என்று சொல்லி அழைப்பது. முதலாவதைப் பொறுத்துக்கொண்டாலும் கொள்வானே தவிர, இரண்டாவதை அவனால் முடியவே முடியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இது நடந்தது 2058-இல். அப்போது கடைக்காரர்களுக்குப் போதாத காலம். எல்லார் கைப்பேசியிலும் 'வாசல்' என்றொரு காவல் செயலி குடியேறியிருந்தது. தள்ளுபடி, சலுகை, அரிய வாய்ப்பு என்று எது வந்தாலும் மோப்பம் பிடித்து, ஆள் கண்ணில் படும் முன்பே அழித்துவிடும். போன ஆடியில் லோகித் பதினோராயிரம் பேருக்குச் செய்தி அனுப்பினான். வந்தது ஒரே ஒருவர். அவரும் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சோகத்தில் இருந்தபோதுதான் மதுரையிலிருந்து பெனாசிர் வந்தாள். கடைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் கம்பெனியில் வேலை. இருபத்தைந்து வயது, வாய் ஓயாது.

"அண்ணே, வாசல் யாரை உள்ள விடும்?"

"சொந்தக்காரங்களை மட்டும் விடும்."

"அப்ப நாம சொந்தக்காரங்களாப் போவோம்." அவள் ஒரு சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இன்னொன்றை வைத்தாள். "இப்ப எல்லாரும் வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை. ஒத்தப் பிள்ளைக்கு ஒத்தப் பிள்ளையைக் கட்டி வைக்கிறாங்க. பிறக்குறதுக்கு மாமனும் இல்ல, அத்தையும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. ஆளாளுக்கு ஏதாவது ஒரு உறவு காலியாக் கெடக்கு. எங்க 'உறவாடி' அந்தக் காலி எடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க போய் உக்காந்து பேசும். வாசலே ஏமாந்துரும்."

"விளம்பரம்னு தெரிஞ்சுராதா?"

"தெரியட்டுமே. கடை யாரு பேர்ல இருக்கு?"

"வீட்டுக்காரம்மா பேர்ல. தன்ஷிகா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அக்கா, தங்கச்சி, மதினின்னு எல்லாத்துக்கும் செட் ஆகும்."

இப்படியாக, தன்ஷிகாவுக்குத் தெரியாமலேயே அவளுக்கு ஊரெல்லாம் உறவு முளைத்தது. முத்தையாபுரத்தில் சோலைராஜ் என்று ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன் ஒருவர், அறுபது வயது, தனிக்கட்டை. அவருக்குப் போன முதல் செய்தி இது: 'அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு, ஈரக் கையோட மோட்டார் சுவிட்சைத் தொடாதீங்க. ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தவருக்கு நான் சொல்லணுமா! கடையில புது இட்லிக் கொப்பரை வந்திருக்கு. தங்கச்சி தன்ஷிகா.' மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். நாற்பத்தெட்டு இட்லி வேகும் கொப்பரையை வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் இட்லி தின்ன அவர் ஒருவர்தான்.

லோகித் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தான். "மெஷின் 'அண்ணே'ன்னு கூப்பிட்டா ஓடி வந்துருவாய்ங்களா? என்ன சனமோ!" என்றான். அவனும் ஒற்றைப் பிள்ளைதான். ஆனால் தன்னை அந்தச் சனத்தில் சேர்த்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் வேறொரு பிரச்சினை புகைந்துகொண்டிருந்தது. மகளுக்கு மூன்று வயது. பெயர் பேச்சியம்மா. லோகித், தன்ஷிகா என்றெல்லாம் வாயில் நுழையாத பெயர்களோடு வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு வீம்புக்குப் பழைய பெயராக வைத்துக்கொண்டிருந்த காலம் அது. பேச்சியம்மாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அந்தக் காலத்தில் அது லேசான விஷயமில்லை. பெண் பார்க்கும்போது வரன் விவரத்தில் 'பெண்ணுக்கு உடன்பிறந்தவர் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். தன்ஷிகாவுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தான். பெயர் கவின், கம்பத்தில் திராட்சைத் தோட்டம். அப்படிப்பட்ட மச்சானோடுதான் லோகித் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தான்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். புதுவீடு குடிபுகும் அன்று கவின் சீராக ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்தான். தொழில் பழக்கம், லோகித் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் பார்த்தான். 'குபேரன் மெட்டல்ஸ், தேனி' என்று ஸ்டிக்கர். "ஏன் மச்சான், என் கடை பூட்டியா கெடந்துச்சு?" என்று நூறு பேர் முன்னால் கேட்டுவிட்டான். கவின் பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டான். கை நனைக்காமல் போன அண்ணனை நினைத்துத் தன்ஷிகா அன்றைக்கு முழுக்க அழுதாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள் இப்போது. "எங்கண்ணன் மடியில உக்காந்துதான் என் பிள்ளைக்குக் காது குத்தணும். இல்லைன்னா அவ மூளிக் காதோடயே இருக்கட்டும். நீங்கதான பேசுனீங்க, நீங்களே போய் வெத்தலை பாக்கு வச்சு அழைங்க."

"போறேன், போறேன்."

"எப்ப?"

"போறேங்கறேன்ல."

மூன்று முறை கம்பத்துக்குக் கிளம்பினான். முதல் முறை உத்தமபாளையம் வரை போய், டயரில் காற்று கம்மி என்று திரும்பினான். அடுத்த முறை காற்று சரியாக இருந்தது, அவனுக்குத்தான் வயிறு சரியில்லை. மூன்றாவது முறை வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கிவிட்டான். அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. கடையில் ஆயிரம் பேரிடம் பாசமாகப் பேசும் மெஷின் சும்மாதானே கிடக்கிறது?

உறவாடியைத் திறந்து சொன்னான்: "தன்ஷிகாவோட அண்ணனைப் பாப்பா காதுகுத்துக்கு அழைக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில எட்டரை மணி, வீரமாகாளி கோயில். தாய்மாமன் மடி முக்கியம். கல்லும் கரையற மாதிரி எழுது."

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "அப்படியே சீர்ப் பாத்திரத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடின்னும் ஒரு வரி சேத்துக்க" என்றான். தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதும் உறவாடி இதைக் கடிதக் கணக்கிலிருந்து எடுத்து விளம்பரக் கணக்கில் போட்டது. தன்ஷிகாவை யாரெல்லாம் தங்கச்சியாக நினைக்கிறார்களோ அத்தனை பேரையும் பொறுக்கி எடுத்தது.

வீட்டுக்குப் போனதும் தன்ஷிகா கேட்டாள்: "அழைச்சாச்சா?"

"அழைச்சாச்சு," என்றான். அவள் முகத்தில் நாலு வருஷமாகக் காணாத சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சாப்பாடு நன்றாக இருந்ததால் மறந்துவிட்டான்.

அந்த வாரம் கடையில் திருவிழாக் கூட்டம். அண்டா, குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் என்று பரணில் ஏற்றி வைத்ததெல்லாம் இறங்கி விற்றது. பாத்திரத்தில் பேர் வெட்டும் யஷ்வந்துக்கு மெஷின் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் நடுங்கியது.

"முதலாளி, வர்றவங்க எல்லாம் 'தாய்மாமன் சீர்'னு வெட்டச் சொல்றாங்க. அதுவும் முக்கால்வாசி 'செல்வி பேச்சியம்மாவுக்கு'ன்னு."

"இந்த வருஷம் எல்லாரும் அந்தப் பேர்தான் வைக்கிறாய்ங்க போல," என்றான் லோகித் பெருமையாக. "நாமதான் முந்திக்கிட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோயில் முன்னால் பந்தல். ஐம்பது பேருக்குச் சமையல். காது குத்த ஆசாரி வந்து ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இலவசச் சாப்பாடு என்றால் மதுரையிலிருந்து வருகிற பெனாசிரும் வந்திருந்தாள். தன்ஷிகா பட்டுச்சேலையில் நின்று கம்பம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது.

எட்டேகாலுக்கு மேளச் சத்தம் கேட்டது. "அண்ணன்!" என்று தன்ஷிகா ஓடினாள்.

வந்தது சோலைராஜ். வேட்டி சட்டை, தலையில் உருமால், அதன்மேல் ஓர் அண்டா, பின்னால் ரெண்டு மேளக்காரர்கள். "தங்கச்சி!" என்று கூப்பிட்டவர் அவளைப் பார்த்ததும் அண்டாவை இறக்கி வைத்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா என்னை ஒத்தையாப் பெத்துப் போட்டுட்டாளேன்னு அறுபது வருசம் ஏங்கிட்டேன் தாயி. எங்க என் மருமக?"

தன்ஷிகா திருதிருவென்று விழித்தாள். அதற்குள் அடுத்த மேளம். போடியிலிருந்து ஒரு மென்பொருள் எஞ்சினியர், கையில் குத்துவிளக்கு. அதற்கடுத்து தேவாரத்திலிருந்து ஒரு பல் டாக்டர். பிறகு ஓட்டுநர் இல்லாத வேன்கள் வரிசையாக வந்து நிற்க, இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லார் கையிலும் பாத்திரம். எல்லாம் வீரமாகாளி பாத்திர மாளிகைச் சரக்கு. ஒவ்வொன்றிலும் யஷ்வந்தின் கோணல் கையெழுத்தில் 'செல்வி பேச்சியம்மாவுக்குத் தாய்மாமன் சீர்'. ஒரு வாரமாக விற்ற மொத்தச் சரக்கும் முதலாளி வீட்டுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. பேர் வெட்டிய பாத்திரம், மறுபடி விற்கவும் முடியாது.

ஆசாரி கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தாய்மாமன் யாருப்பா?"

"நான்தான்" என்று இருநூற்றுப் பதினான்கு பேர் சொன்னார்கள். கோயில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன. பேச்சியம்மா மட்டும் கை தட்டிச் சிரித்தாள்.

தன்ஷிகா சோலைராஜின் கைப்பேசியை வாங்கிப் படித்தாள். 'அண்ணே, உங்க மருமக பேச்சியம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை காது குத்துறோம். உங்க மடியில உக்கார வச்சுத்தான் குத்துவேன். நீங்க வரலைன்னா தோட்டு டப்பாவைத் தொறக்கவே மாட்டேன். சீர்ப் பாத்திரத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. தங்கச்சி தன்ஷிகா.'

"எங்கண்ணனை அழைச்சேன்னு சொன்னது இதானா?" என்றாள். சத்தமே போடவில்லை. லோகித்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அவருக்கும் போயிருக்கும்மா... நல்லாத்தான் எழுதியிருக்கு..."

"போகலைண்ணே," என்றாள் பெனாசிர். வாயில் வடையோடு கைப்பேசியில் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அனுப்புனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. அனுப்பாம விட்டது ஒண்ணே ஒண்ணு. கவின், கம்பம்."

"ஏன் விட்டுச்சு?"

"காரணம் போட்டிருக்கு. 'இவருக்கு இந்த உறவு காலியாக இல்லை. இவருக்குச் செய்தி போதாது. நேரில் போகவும்.'" அவள் தலையை நிமிர்த்தினாள். "புதன்கிழமையே உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேண்ணே. பாக்கலையா?"

பார்க்கவில்லை. கம்பெனி அனுப்பிய செய்தி என்று அவனுடைய வாசல் அதை அழித்துவிட்டிருந்தது.

தன்ஷிகா வெற்றிலைத் தாம்பாளத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்கு. எங்கண்ணனோட வாங்க. இல்லைன்னா நீங்களும் வராதீங்க."

லோகித் வண்டியில் ஏறினான். வண்டி நகர்ந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், பன்னிரண்டு வேனும் பின்னாலேயே வருகின்றன.

"நீங்க எங்கய்யா வர்றீங்க?" என்று சன்னல் வழியே கத்தினான்.

"தங்கச்சி கண்ணுல தண்ணி நிக்குது மாப்ள!" என்று சோலைராஜ் அடுத்த வேனிலிருந்து கத்தினார். "ஒத்தையா நீங்க போய் என்னத்தைக் கிழிச்சிருவீங்க? நாங்களும் வந்து பேசுறோம்!"

ஓட்டுநர் இல்லாத வண்டிகள் சட்டப்படி நாற்பதுக்கு மேல் ஓடாது. மேளம் அடித்துக்கொண்டு, மாடு மேய்ப்பவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்க்க, ஊர்வலம் கம்பம் போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் லோகித்துக்கு ஒரு சந்தேகம். உத்தமபாளையத்தில் வேனிலிருந்து இறங்கி அவன் வண்டிக்கு மாறியிருந்த சோலைராஜிடம் கேட்டான்: "அந்த மெசேஜ் கடையிலேர்ந்து வர்றதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? மெஷின் எழுதுறதுன்னும் தெரியும்."

"பெறகு ஏன் வந்தீங்க?"

"ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதேன்னு முப்பத்தாறு வருச சர்வீஸ்ல எவனும் எனக்குச் சொன்னதில்ல மாப்ள," என்றார் அவர். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கவின் திராட்சைப் பந்தலுக்கடியில் மருந்துத் தெளிப்பானோடு நின்றிருந்தான். இருநூற்றுச் சொச்சம் ஆண்கள் மேளத்தோடு தோட்டத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் நிலத் தகராறு என்று நினைத்துத் தெளிப்பானை ஓங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தாம்பாளத்தோடு லோகித் முன்னால் வந்தான்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருநூற்றுப் பதினான்கு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"மச்சான்..." என்றான். "அன்னிக்கு அந்தக் குடத்தை நான் கவுத்திருக்கக் கூடாது."

கவின் ஓங்கிய தெளிப்பானை இன்னும் இறக்கவில்லை.

"தப்புத்தான். பாப்பாவுக்குக் காது குத்துறோம். இவங்க எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வரணும்."

கவின் தெளிப்பானைக் கீழே வைத்தான். "உன் கடையில ஏன் வாங்கலைன்னு அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மாப்ள. உன் கடையில வாங்குனா நீ காசு வாங்க மாட்ட. சும்மா வாங்குன சீரை என் தங்கச்சி வீட்ல எப்படி வைக்கிறது? அதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் தேனிக்குப் போனேன்."

லோகித்துக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நாலு வருஷம்! ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாம்பாளத்தைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. பின்னால் பல் டாக்டர் விசும்பும் சத்தம் கேட்டது.

கவின் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய அண்டா. "பாப்பா பிறந்த அன்னிக்கே வாங்கி வச்சது," என்றான். அடியில் இல்லை, பக்கவாட்டில், பார்க்கிறவன் கண்ணில் படுகிற மாதிரி ஸ்டிக்கர் பளபளத்தது. 'குபேரன் மெட்டல்ஸ், தேனி.'

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு லோகித்தைப் பார்த்தார்கள். லோகித் அதைப் படித்தான். பிறகு அண்டாவை வாங்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டான்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கோயிலை அடைந்தார்கள். தன்ஷிகா அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவனும் அழுதான், சம்பந்தமில்லாமல் மேளக்காரர்களும் அழுதார்கள். கவின் மடியில் பேச்சியம்மாவை உட்கார வைத்து வலது காது குத்தியாயிற்று. இடது காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது கவின் கையைக் காட்டித் தடுத்தான்.

"இம்புட்டுப் பேரு வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. ஒரு காது என் மடியில. இன்னொரு காது இவங்கள்ல ஒருத்தர் மடியில."

யார் என்பதில் கைகலப்பு வரப் பார்த்தது. கடைசியில் எல்லார் பேரையும் எழுதி, குபேரன் மெட்டல்ஸ் அண்டாவிலேயே போட்டுக் குலுக்கினார்கள். விழுந்தது போடி எஞ்சினியர் பெயர். அவர் பூரித்துப்போய் உட்கார்ந்தார், பிள்ளையை வாங்கினார், ஊசியைப் பார்த்தார், மயங்கி விழுந்தார். விழுந்தவர் மடியில் வைத்தே ஆசாரி வேலையை முடித்தார். சோலைராஜ் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஐம்பது பேர் சாப்பாட்டை இருநூற்று அறுபது பேர் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம், பந்தல் பிரிக்கிற நேரத்தில், லோகித் பெனாசிரிடம் சொன்னான்: "இந்த உறவாடியை இன்னியோட நிறுத்திரும்மா. பெரிய வம்பாப் போச்சு."

"நிறுத்தலாம்ணே. ஒரு பொத்தான்தான்." அவள் கைப்பேசியில் பெயர்ப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஆனா ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு ஒரே நாள்ல தங்கச்சி இல்லாமப் போயிரும்."

தன்ஷிகா கையை நீட்டினாள். "பொத்தானை அமுக்கு. ஆனா அந்த லிஸ்டை இங்க குடு. வந்து சீர் வச்சவங்களுக்கு நாம செய்முறை செய்யணும்ல? இனி அவங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போகணும். நேர்லதான்." அப்போதே பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் கையால் முதல் செய்தியை எழுத ஆரம்பித்தாள். 'சோலைராஜ் அண்ணே, பத்திரமா வீடு போய்ச் சேந்தீங்களா?'

இருநூற்றுப் பதினான்கு வீடு. இருநூற்றுப் பதினான்கு காப்பி. லோகித்துக்குத் தலை சுற்றியது. கழுத்தைத் தேய்த்துக்கொண்டு பந்தல் காலோரமாகப் போய் உட்கார்ந்தான். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. தள்ளுபடிகளை எல்லாம் வெளியே தள்ளும் அவனுடைய வாசல், இந்த ஒன்றை மட்டும் மரியாதையாக உள்ளே விட்டிருந்தது.

'தம்பி, இன்னிக்கு ரொம்ப அலைஞ்சிருப்ப. நேரத்துக்கு ஏதாவது சாப்ட்டியா? நம்ம கடையில புது மாடல் தாம்பாளம் வந்திருக்கு. அக்கா, குபேரன் மெட்டல்ஸ், தேனி.'

லோகித் அதை இரண்டு தரம் படித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கவின் பேச்சியம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான், தன்ஷிகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், யாரும் இவனைக் கவனிக்கவில்லை.

'சாப்ட்டேன்க்கா' என்று அனுப்பினான். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்றும் அனுப்பினான்.

'நீ சாப்ட்டியா?'